எழுதி வெச்சுட்டு வெளியே வந்தவர்

போன மாசம் எங்க ஊர்ல ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்கினோம். கல் வெட்டி எடுத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போன பள்ளத்தை எங்க பக்கம் பாறைக்குழின்னு சொல்லுவோம். அதுல குப்பை கொட்டக் கூடாதுங்கறதுதான் மனு. அங்க நிக்கற தண்ணி கசிஞ்சுதான் சுத்தியிருக்கற கிணறுகளுக்கு ஊத்து வருது. அதனால கட்சி பார்க்காம வீடு வீடாப் போனோம்.

ஒரு தம்பி. கட்சியில பொறுப்புல இருக்கறவர். கட்சிப் பேரும் ஆள் பேரும் வேண்டாம். டீக்கடையில வெச்சு மனுவை முழுசாப் படிச்சார். "நீங்க எழுதியிருக்கறது அத்தனையும் நெசமுங்கண்ணா. எங்க கட்சி இதைக் கண்டுக்காம இருக்கறது தப்புதான்"னார். பேனாவை நீட்டினேன். வாங்கலை. "வாயில சொல்லீட்டுப் போயிரலாமுங்க. எழுதி வெச்சா மாட்டிக்குவோம்"னு சொல்லீட்டு வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிட்டார்.

எனக்குக் கோபம் வரலை. அவருக்கும் குடும்பம் இருக்கு, நாளைக்கு வார்டு சீட்டு வேணும். ஆனா அன்னிக்கு ராத்திரி தென்னைக்குத் தண்ணி கட்டும்போது அந்த வார்த்தைதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. எழுதி எழுதியே வாழ்நாள் பூரா மாட்டிக்கிட்ட ஒரு பெரிய மனுசன் ஞாபகத்துக்கு வந்தார். ராஜாஜி.

எங்க வீட்டுல ராஜாஜிக்கு ரெண்டு தீர்ப்பு உண்டு. எங்க அப்பாரு, அதாவது அப்பாவைப் பெத்தவர், அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. எங்க அப்பா அவர் பேரைக் கேட்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குவார். சின்ன வயசுல எனக்கு இது புரியலை. இப்ப யோசிச்சா ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்னு தோணுது.

சில வருசத்துக்கு முன்னால போர் போடறதுக்கு ரிக் வண்டி பேசலாம்னு திருச்செங்கோடு போயிருந்தேன். ரிக் வண்டிக்குப் பேர் போன ஊர் அது. வந்த வேலை சீக்கிரம் முடிஞ்சதால, பக்கத்துல புதுப்பாளையத்துல இருக்கற காந்தி ஆசிரமத்தைப் பார்த்துட்டு வந்தேன். 1925ல ராஜாஜி ஆரம்பிச்சது. இடம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். சேலத்துல நல்லா ஓடிட்டிருந்த வக்கீல் தொழிலை விட்டுட்டு, சேலம் நகரசபைத் தலைவரா இருந்துட்டு வந்த மனுசன், மழை பொய்ச்ச ஒரு பட்டிக்காட்டுல குடிசை போட்டு உக்காந்து ராட்டை நூத்தார். தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளையும் ஆசிரமத்துல சமமா வெச்சுக்கிட்டதுல சுத்துப்பட்டு ஊர்க்காரங்க முறைச்சுக்கிட்டாங்க. கல்கி கிருஷ்ணமூர்த்தி அங்கதான் வந்து தங்கி, மதுவிலக்குக்காக 'விமோசனம்'ங்கற பத்திரிகையை ராஜாஜி கூட நடத்தினார். கள்ளுக்கடைக்கு எதிரா ஒரு தனிப் பத்திரிகை!

அந்தக் காலத்துல எங்க திருப்பூரும் கதருக்குப் பேர் வாங்கின ஊர்தான். இன்னிக்கு சிட்கோவுல ராத்திரி பகலா பனியன் மெஷின் ஓடற சத்தத்துக்கு அடியில அந்த ராட்டைச் சத்தம் புதைஞ்சு கிடக்கு.

ராஜாஜி பிறந்தது 1878ல, ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில. மத்த வாழ்க்கையெல்லாம் புத்தகத்துல கிடைக்கும். நான் சொல்ல வந்தது அவர் தன் கட்சியோடயே மல்லுக்கட்டின கதையை.

முதல் அடையாளம் ரொம்ப முன்னாலயே தெரியுது. 1921 டிசம்பர்லருந்து மூணு மாசம் வேலூர் ஜெயில்ல இருந்தார். அங்க எழுதின நாட்குறிப்புதான் 'சிறையில் தவம்'னு வந்துச்சு. 1922 ஜனவரியில அவர் எழுதினதோட சாரம் இது: சுயராஜ்யம் வந்தவுடனே நல்லாட்சியும் சந்தோசமும் வந்துடாது. தேர்தலும் அதோட ஊழலும், அநியாயமும், பணக்காரங்க அதிகாரமும், நிர்வாகத் திறமைக் குறைவும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கும். அதுக்கு நல்ல ஒழுக்கத்தோட கூடின படிப்புதான் மருந்து. சுயராஜ்யம் வந்தா பாலாறும் தேனாறும் ஓடும்னு நாடே நம்பிட்டிருந்த நேரம் அது. அதுக்காகவே ஜெயிலுக்குப் போன ஆள் ஜெயிலுக்குள்ள உக்காந்து இப்படி எழுதறார். சுதந்திரத்துக்கு அப்ப இன்னும் 25 வருசம் இருக்கு.

1937ல சென்னை மாகாணத்துக்கு முதல் மந்திரி ஆனார். அந்த வருசம் அக்டோபர்ல சேலம் ஜில்லாவுல மதுவிலக்கு வந்துச்சு. அடுத்த வருசம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். எங்க அப்பாரு கும்பிட்டது இதுக்காகத்தான்.

பட்டணத்துல இருக்கறவங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கோணும். 1930கள்ல உலகம் பூரா பெரிய மந்தம். பருத்திக்கும் நெல்லுக்கும் விலை பாதாளத்துக்குப் போயிருச்சு. ஆனா கடன் பத்திரத்துல எழுதின அசல் அப்படியேதான் இருந்துச்சு, வட்டி ஏறிட்டே போச்சு. ஒரு மூட்டை வித்துக் கட்ட வேண்டிய கடனுக்கு மூணு மூட்டை விக்கோணும். சட்டம் என்ன சொல்லுச்சுன்னா, 1932 அக்டோபருக்கு முன்னால வாங்கின கடனுக்கு, 1937 அக்டோபர் 1ந் தேதி வரைக்கும் நிலுவையில நின்ன வட்டி தள்ளுபடி. அசலைப் போல ரெண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தா கடனே தீர்ந்தது. எங்க அப்பாரு அதைச் சொல்லும்போது ஒரே வரியில சொல்லுவார்: "ரெட்டிப்புக் கட்டியாச்சு, பத்திரத்தைக் கொடுன்னு நிமிந்து கேட்டமப்பா." இன்னிக்கு நான் உழுதிட்டிருக்கற ரெண்டேகால் ஏக்கர் அப்பிடித் தப்பின பூமி.

அதே ஆட்சியிலதான் இன்னொண்ணும் நடந்துச்சு. 1938ல பள்ளிக்கூடத்துல இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவங்களை ஆயிரத்துக்கு மேல ஜெயில்ல போட்டாங்க. பெரியாரும் உள்ளே போனார். நடராசன், தாளமுத்துன்னு ரெண்டு பேர் சிறைக் காவல்ல இருக்கும்போது செத்தே போனாங்க. தான் மாறுபடறதுக்கு உரிமை கேட்ட மனுசன், தன்னோட மாறுபட்டவங்களை இப்படி நடத்தினார். இதை விட்டுட்டு அவர் கதையைச் சொன்னா அது கதை இல்லை, துதி.

அடுத்தது 1942. ஏப்ரல் 6ந் தேதி விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மெட்ராஸ்லருந்து சனங்க மூட்டை முடிச்சோட ஊரைக் காலி பண்ணிட்டிருந்தாங்க. ராஜாஜி என்ன நெனச்சார்னா, வாசப்படியில எதிரி நிக்கறான், இப்ப வெள்ளைக்காரனோட மல்லுக்கட்டறதை விட முஸ்லிம் லீக்கோட பேசி முடிச்சு ஒரு தேசிய அரசாங்கத்தை அமைக்கோணும், அதுக்காக லீக் கேக்கற பிரிவினையைக் கொள்கை அளவுல ஒத்துக்கலாம்னு. சென்னை மாகாணக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில அதைத் தீர்மானமாவே போட்டார். அலகாபாத்துல அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடினப்ப அவர் தீர்மானத்துக்கு விழுந்த ஓட்டு 15. எதிரா 120.

இந்த இடத்துல நம்ம டீக்கடைத் தம்பியா இருந்தா என்ன பண்ணியிருப்பார்? தலைமைக்குக் கட்டுப்படறேன்னு சொல்லீட்டு, ராத்திரி நாலு பேர்கிட்ட முணுமுணுத்திருப்பார். ராஜாஜி காரியக் கமிட்டியை விட்டார். ஜூலையில கட்சியையும் விட்டார். காங்கிரஸ் பேர்ல ஜெயிச்ச சட்டசபை இடத்தையும் திருப்பிக் கொடுத்தார். கட்சி கொடுத்தது கட்சிக்கே, கருத்து மட்டும் எனக்குன்னு அர்த்தம். எதிர்த்தது யாரை? 1933ல தன் மக லட்சுமியை யாரோட பையனுக்குக் கட்டிக் கொடுத்தாரோ அந்தக் காந்தியை. சொந்தச் சம்பந்தியை.

ஆகஸ்ட்ல 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் வந்துச்சு. காங்கிரஸ் தலைவர்கள் எல்லாம் உள்ளே. ராஜாஜி வெளியே. அந்தக் காலத்துல ஜெயிலுக்குப் போகாம வெளியே இருக்கறது எவ்வளவு பெரிய அவமானம்னு இப்ப நமக்குப் புரியாது. துரோகின்னாங்க. கூட்டத்துல பேச விடலை. அவர் பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருந்தார். தன் யோசனையைச் சின்னப் புத்தகமாப் போட்டார். 1944ல அவர் வகுத்த திட்டத்தைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் காந்தி, ஜின்னாகிட்டப் போய்ப் பேசினார். பேச்சு முறிஞ்சு போச்சு. மூணு வருசத்துல பிரிவினை வந்தே வந்துச்சு, ரத்தத்தோட. ராஜாஜி சொன்னபடி செஞ்சிருந்தா ரத்தம் குறைஞ்சிருக்குமா? அதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனா அவர் எந்தத் தேதியில என்ன சொன்னார்ங்கறதை எழுத்துல இருந்து எடுத்துப் பார்க்க முடியுது.

அப்புறம் மேற்கு வங்காள கவர்னர், 1948லருந்து கவர்னர் ஜெனரல். அந்தப் பதவியில உக்காந்த ஒரே இந்தியர் அவர்தான். அவ்வளவு உசரம் போயிட்டு, 1952ல திரும்பவும் மெட்ராஸுக்கே முதல் மந்திரியா வந்தார். வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார். அதுக்கு முன்னால வெள்ளாமை எடுத்தவன் சர்க்காருக்கு லெவி அளக்கோணும். மீதியை நினைச்ச இடத்துக்குக் கொண்டு போய் விக்க முடியாது. கட்டுப்பாட்டை எடுத்தா பஞ்சம் வந்துரும்னு பயந்தவங்க இருந்தாங்க. அப்படி எதுவும் நடக்கலை. அப்பாரு கணக்குல இது ரெண்டாவது கும்புடு.

எங்க அப்பா கணக்கு 1953ல ஆரம்பிக்குது. கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்குத் தினம் மூணு மணி நேரந்தான் படிப்பு, மீதி நேரம் வீட்டுல அப்பன் தொழிலைக் கத்துக்கட்டும்னு ராஜாஜி ஒரு திட்டம் கொண்டு வந்தார். குலக்கல்வின்னு பேர் விழுந்துச்சு. பள்ளிக்கூடமும் வாத்தியாரும் பத்தலை, ரெண்டு நேரமாப் பிரிச்சா ரெட்டிப்புப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும்ங்கறது அவர் சொன்ன நியாயம். அவர் மனசுல ஆசிரமத்து ராட்டையும் கைத்தொழிலும் இருந்திருக்கலாம். ஆனா ஊருக்குள்ள அது எப்படிக் கேட்டுச்சுன்னா, வண்ணான் பையன் வெளுக்கட்டும், சக்கிலி பையன் செருப்புத் தைக்கட்டும், குடியானவன் பையன் ஏர் ஓட்டட்டும்னு கேட்டுச்சு.

எங்க அப்பாவுக்கு அப்ப ஒம்பது வயசு. பிற்காலத்துல அவர் என்கிட்டக் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "குடியானவன் பையன் குடியானவனாத்தான் இருக்கோணும்னு சொல்றதுக்கு, குடியானவன் அல்லாத ஒருத்தருக்கு என்ன உரிமை?" இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட அதுக்குப் பதில் இல்லை. நான் விரும்பித்தான் விவசாயம் பார்க்கறேன். ஆனா ஹைஸ்கூல் வரைக்கும் படிச்சுட்டு விரும்பி வந்தேன். விரும்பி வர்றதும் கட்டி வெக்கறதும் ஒண்ணு இல்லீங்க.

இந்தத் திட்டத்துல ராஜாஜி பண்ணின பெரிய தப்பு, கட்சிக்குள்ளயும் ஊருக்குள்ளயும் பேசி முடிக்காம மேல இருந்து இறக்கினது. பெரியாரும் தி.மு.க.வும் வெளியே எதிர்த்தாங்க. காங்கிரஸுக்குள்ளயும் எதிர்ப்புக் கிளம்புச்சு. 1954ல அவர் பதவியை விட்டு இறங்கினார். காமராஜர் முதல் மந்திரியானார், திட்டம் போச்சு. அதை நீக்கற வேலை வந்து சேர்ந்தது, கல்வி மந்திரியா இருந்த பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியத்துக்கு. ராஜாஜிகிட்ட ரொம்ப மரியாதை வெச்சிருந்தவர் அவர்.

இறங்கின மனுசன் சும்மா இருக்கலை. கல்கியில ராமாயணம் எழுதினார். அதுதான் 'சக்கரவர்த்தித் திருமகன்'. 1958ல சாகித்திய அகாதமி பரிசு வாங்குச்சு. மகாபாரதத்தை 'வியாசர் விருந்து'ன்னு அதுக்கு முன்னாலயே எழுதியிருந்தார். 'திண்ணை ரசாயனம்'னு வேதியியலைத் தமிழ்ல சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி எழுதியிருந்தார். அவர் தமிழ்ல வாக்கியம் சின்னச் சின்னதா இருக்கும். படிப்பு கம்மியா இருக்கறவனும் தடுக்காமப் படிக்கலாம். என் எழுத்துல ஏதாவது தெளிவு இருந்தா, அதுல ஒரு பங்கு அவர்கிட்ட இருந்து வந்தது.

1959ல ஜனவரியில நாகபுரியில காங்கிரஸ் மாநாடு. இனிமே விவசாயம் கூட்டுறவுப் பண்ணையா நடக்கோணும், நிலத்தையெல்லாம் ஒண்ணாச் சேர்த்து உழுவோணும்னு தீர்மானம். பாத்தியதை அவனவனுக்கே இருக்கும், விளைச்சல்ல பங்கு கிடைக்கும்னு சொன்னாங்க. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. எங்க பக்கத்துக்கு வந்து பங்காளிக கிணத்தைப் பாருங்க. ஒரே கிணறு, நாலு அண்ணன் தம்பி, ஆளுக்கு இத்தனை நாள் முறைத்தண்ணி. ஒருத்தன் முறையில கரண்ட் போயிட்டா அந்த நேரத்தை ஈடுகட்டறதுக்கு ஒரு பஞ்சாயத்து. ஒரு வயித்துல பொறந்தவங்களே ஒரு கிணத்துல ஒத்துப் போக முடியலை. ஊர் பூராவையும் ஒரே பண்ணையாக்கி, அதுக்கு ஒரு ஆபீசர் வந்து இன்னிக்குச் சோளம் விதை, நாளைக்குப் பருத்தி எடுன்னு சொன்னா எப்படி இருக்கும்?

ராஜாஜி 1957லயே மறுபடியும் காங்கிரஸை விட்டு விலகியிருந்தார். இந்தத் தீர்மானம் வந்ததும் கல்கியில தமிழ்லயும், சுவராஜ்யாவுல இங்கிலீஷ்லயும் விடாம எழுதினார். 1959 ஜூன்ல சுதந்திரா கட்சி பிறந்துச்சு. அப்ப அவருக்கு 80 வயசு! காங்கிரஸ்லருந்து விலகி வந்த விவசாயிகள் தலைவர் என்.ஜி. ரங்கா கட்சிக்குத் தலைவர். எதுக்கெடுத்தாலும் சர்க்கார் அனுமதி வேணுங்கற நிலைமைக்கு 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்'னு ராஜாஜி வெச்ச பேர் நிலைச்சுப் போச்சு. அந்தக் கட்சி 1962ல 18 எம்.பி., 1967ல 44 எம்.பி. ஜெயிச்சு, நாடாளுமன்றத்துல பெரிய எதிர்க்கட்சியா உக்காந்துச்சு. கூட்டுப் பண்ணைத் தீர்மானம் காகிதத்துலயே மங்கிப் போச்சு.

இதுலயும் ஒரு மறுபக்கம் உண்டு. சுதந்திரா கட்சிக்குப் பின்னால மகாராஜாக்களும் ஜமீன்தார்களும் முதலாளிகளும் நின்னாங்க. நில உச்சவரம்பை எதிர்த்தாங்க. ரெண்டேகால் ஏக்கர் வெச்சிருக்கற நான் ராஜாஜிக்கு நன்றி சொல்லலாம். என் தோட்டத்துக்குக் களை எடுக்க வர்ற, சொந்தமா ஒரு செண்டு நிலம் இல்லாத அக்கா எதுக்குச் சொல்லோணும்?

இந்தி விசயத்துலயும் அப்படித்தான். 1938ல கட்டாயமாக்கின அதே கையால, பிற்காலத்துல இந்தி ஒண்ணே ஆட்சிமொழி ஆகறதை எதிர்த்து எழுதினார். அன்னைக்கு ஒண்ணு இன்னைக்கு ஒண்ணான்னு கேலி பண்ணினாங்க. கேலி பண்ண முடிஞ்சதே ரெண்டும் அச்சுல இருந்ததாலதான். 1967ல தி.மு.க.வோட கூட்டு சேர்ந்து தன் பழைய காங்கிரஸை ஆட்சியை விட்டு இறக்கினார். அதே தி.மு.க. ஆட்சி 1971ல மதுவிலக்கைத் தளர்த்தப் போகுதுன்னதும், 92 வயசுல, கொட்டற மழையில கலைஞர் வீட்டுக்கே போய் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். பலிக்கலை. 'விமோசனம்' நடத்தின மனுசன் கடைசியாத் தோத்த சண்டை அது. எங்க ஊர் ரோட்டோரத்துல சனிக்கிழமை சம்பளம் போட்ட ராத்திரி விழுந்து கிடக்கறவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மழை ஞாபகம் வரும்.

1972 டிசம்பர் 25ல காலமானார். வாழ்நாள் பூரா அவரோட கொள்கையில மோதின பெரியார், நடக்க முடியாத வயசுல சக்கர நாற்காலியில மயானத்துக்கு வந்து அழுதார்.

அப்பாரு தீர்ப்பு, அப்பா தீர்ப்பு ரெண்டையும் நான் இப்ப ஒரே பெட்டியில வெச்சிருக்கேன். ரெண்டு பேரும் தீர்ப்புச் சொல்ல முடிஞ்சதுக்குக் காரணம், அவர் தன் கருத்தை ஒளிச்சு வெக்கலை. பேர் போட்டு, தேதி போட்டு எழுதினார். கட்சியோட ஒத்துவரலைன்னா நாற்காலியை விட்டுட்டு எழுதினார். அதனால சரியாச் சொன்னதுக்கும் அவரைப் பிடிக்கலாம், தப்பாச் சொன்னதுக்கும் பிடிக்கலாம். வாயில சொல்லீட்டுப் போறவனை எதுக்குப் பிடிக்கறது? நாளைக்குக் கிணத்துல தண்ணி கெட்டுப் போனா, 'நான் அன்னிக்கே சொன்னேன்'னு அந்தத் தம்பியும் சொல்லுவார். சொன்னார்ங்கறதுக்கு டீக்கடை பெஞ்சுதான் சாட்சி.

முந்தாநாள் தம்பியைத் திரும்பவும் பார்த்தேன். மனு இன்னும் என் சைக்கிள் பையிலதான் இருக்கு, கொடுக்கற தேதி அடுத்த திங்கக்கிழமை. "இன்னும் இடம் இருக்குதுங்களாண்ணா?"ன்னு கேட்டார். கேலியாக் கேட்டாரா நெசமாக் கேட்டாரான்னு தெரியலை. கடைசிப் பக்கத்துல கீழே நாலு விரக்கடை இடம் விட்டு வெச்சிருக்கேன்.